ஆடுசதையின் கணக்கு

மும்பையின் தாராவியில் இரண்டு சாலைகளுக்கு அளவே பெயர்: 60 அடி சாலை, 90 அடி சாலை. பேஸ்பால் ஆட்டமும் இதே இரண்டு எண்களின்மேல்தான் நிற்கிறது. பிட்ச்சரின், அதாவது பந்தெறிபவரின், காலடிப் பலகையிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. இந்தப் பொருத்தம் வெறும் தற்செயல். ஆனாலும் அளவை மனத்தில் இருத்த உதவும். பந்தை அடித்தவர் 90 அடியை, அதாவது 27.43 மீட்டரை, நான்கேகால் வினாடி வாக்கில் கடக்க வேண்டும். அசையாமல் நின்ற நிலையிலிருந்து, மட்டையைச் சுழற்றி முடித்த அதே மூச்சில். (தாராவியின் சாலை இன்று உண்மையில் 90 அடியை விட்டுவைத்திருக்கிறதா என்பதை அங்குள்ள கடைக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.)

இங்கே மதிப்பிட எடுத்துக்கொள்வது குறுகிய கேள்வி. பேஸ்பால் ஆடுபவரின் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியை, அதாவது கெண்டைக்கால், கணைக்கால், கணுக்கால், குதிநாண் ஆகியவற்றை வலுவாக்க, மும்பை மைதானங்களில் வழங்கிவரும் பயிற்சி முறைகள் எந்த அளவுக்குத் தகுதியானவை?

மும்பையில் பேஸ்பால் ஏது என்று வாசகர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. மும்பை கோப்ராஸ் என்றோர் அணி இருக்கிறது. அது முதன்முறையாகக் களம் இறங்கிய இடம் துபாய். நகரம் அதற்குப் பெயரை மட்டும் கொடுத்தது. ஆயினும் இந்தக் கேள்வி பேஸ்பாலோடு நின்றுவிடுவதல்ல. 2020 பிப்ரவரியில் நியூசிலாந்தின் மவுண்ட் மாங்கனுயியில் ரோஹித் சர்மாவின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அந்தப் பயணத்தின் ஒருநாள் ஆட்டங்களும் டெஸ்டுகளும் அவருக்கு இல்லாமல் போயின. சிவாஜி பார்க்கிலும் மாட்டுங்காவின் தட்கர் மைதானத்திலும் செம்பூரின் ஆர்.சி.எஃப். மைதானத்திலும் தினமும் ஓடுகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் இதே சதை, இதே நாண். பேஸ்பாலின் தேவைகள் துல்லியமாக வரையறுக்கப்பட்டவை. அதனாலேயே இங்குள்ள முறைகளை உரசிப் பார்க்க அது நல்ல உரைகல்.

இந்திய மண்ணில் பேஸ்பாலுக்காக நடந்த பெரிய தேர்வு ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். 2008இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டி. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எறிந்து பார்த்தார்கள். கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் கண்ட ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறிபவர்கள். 2014இல் இது ஏ.ஆர். ரஹ்மான் இசையோடு திரைப்படமாகவும் வந்தது. போட்டியின் பெயரிலேயே கை இருக்கிறது. அளந்ததும் பந்தின் வேகத்தையும் குறியையும்தான். கிரிக்கெட் பித்துப்பிடித்த நாட்டில் அந்த அளவுகோலைத் தாண்டியவர்கள் ஏன் ஈட்டிக்காரர்கள்? முதன்மைக் காரணம் எளிது. ஈட்டி எறிபவரின் தோளும் முழங்கையும் பிட்ச்சரின் தோளையும் முழங்கையையும் போலவே இயங்குகின்றன. கிரிக்கெட்டில் பந்து வீசுபவரையோ மடித்த முழங்கையை நீட்ட விதி விடுவதில்லை. துணைக் காரணம் நம் பொருளோடு தொடர்புடையது. ஈட்டி எறிபவர் ஓடிவந்த வேகம் முழுவதையும் கடைசி அடியில் முன்காலை ஊன்றித் தடுத்து நிறுத்துகிறார். நின்ற வேகம் இடுப்புக்கும் தோளுக்கும் ஏறுகிறது. இந்தத் தடுப்புக் காலை அந்தத் தேர்வு தனியாக அளக்கவில்லை. கையைத் தேடப் போனவர்களுக்குக் கால் இலவசமாகக் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்ள ஆட்டத்தின் தேவைகளைப் பிரிக்க வேண்டும். முதலாவது, அசையா நிலையிலிருந்து எழும் முதல் அடி. பேஸ்பாலில் வெளிக்களத்தில் நிற்பவர் இருபது நிமிடம் சும்மா நின்றுவிட்டு, சட்டென்று உச்ச வேகத்துக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டாவது, மேட்டில் நின்று எறிபவரின் தரையிறக்கம். அந்த மேட்டின் உயரம் 15 அங்குலமாக இருந்ததை 1969இல் 10 அங்குலமாகக் குறைத்தார்கள். 10 அங்குலமானாலும் சரிவு சரிவுதான். முன்கால் தன் மட்டத்துக்குக் கீழே இறங்கி, இறங்கிய இடத்திலேயே உடலை நிறுத்தியாக வேண்டும். மூன்றாவது, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரின் குந்தல்: ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை. நான்காவது, பேஸைச் சுற்றும் வளைவு. பேஸ்பாலில் எல்லா ஓட்டமும் இடப்பக்கமாகவே வளைகிறது. வலது பாதம் எப்போதும் வெளிக்கால், இடது பாதம் எப்போதும் உட்கால். இரண்டு கணுக்கால்களும் பெறும் சுமை ஒன்றல்ல.

இந்தத் தேவைகளைச் சந்திக்கும் தசைகள் இரண்டு முதன்மையானவை. வெளியே தெரியும் ஆடுசதையின் இரட்டைப் புடைப்பு காஸ்ட்ரோக்னீமியஸ். இது முழங்காலையும் கணுக்காலையும் ஒருசேரக் கடக்கிறது. எனவே முழங்கால் நீண்டிருக்கும்போதே முழு வலுவோடு இழுக்கும், மடங்கினால் தளர்ந்துவிடும். அதன் அடியில் தட்டையாக ஒளிந்திருப்பது சோலியஸ். இது கணுக்காலை மட்டும் கடக்கிறது. முழங்கால் மடங்கியிருந்தாலும் உழைக்கிறது. பெரும்பகுதி மெதுவான, களைக்காத இழைகளால் ஆனது. கண்ணாடியில் தெரியாததால் ஜிம்முக்குப் போகும் இளைஞன் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஓட்டத்தின்போது காலின் தசைகளில் மிகுந்த விசையைத் தருவனவற்றுள் இது ஒன்று. உடல் எடையின் பல மடங்கு. இரண்டும் சேர்ந்து குதிநாணாகி, அதாவது அக்கிலிஸ் நாணாகி, குதிகால் எலும்பைப் பற்றுகின்றன. ஃபின்லாந்தின் பாவோ கோமி நாணிலேயே அளவுக் கருவியைப் பொருத்தி ஓட வைத்துப் பார்த்தார். உடல் எடையின் 12 மடங்கு வரை அது சுமந்தது. முன்புறம், கணைக்கால் எலும்பை ஒட்டி ஓடும் டிபியாலிஸ் பாதத்தை மேலே தூக்கி, இறங்கும் காலுக்குத் தடை போடுகிறது. வெளிப்புறத்தில் பெரோனியஸ் தசைகள் கணுக்கால் பிசகாமல் காக்கின்றன. ஒரு பயிற்சி முறை இவற்றில் எவற்றைத் தொடுகிறது, எவ்வளவு பாரத்தோடு தொடுகிறது, வாரம் கூடக்கூடப் பாரத்தையும் கூட்டுகிறதா என்பவையே நம் கேள்விகள்.

இந்தப் பகுதியைக் கவனியாமல் விட்டால் என்ன விலை என்பதற்குப் பேஸ்பாலின் வரலாறே சாட்சி. 2011 அக்டோபர் 7, பிலடெல்பியா அணி ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்ற ஆட்டத்தின் கடைசிப் பந்து. அதை அடித்துவிட்டு முதல் பேஸை நோக்கிப் புறப்பட்ட ரயன் ஹோவர்டு ஓடுபாதையிலேயே விழுந்தார். இடது குதிநாண் அறுந்திருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் தொடங்கும் முன்பே அவருடைய உச்சம் முடிந்துவிட்டது. 2015இல் அமெரிக்கன் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஜோஷ் டொனால்ட்சனை 2017, 2018, 2020 என்று கெண்டைக்கால் திரும்பத் திரும்ப உட்கார வைத்தது. பழைய சான்று இன்னும் கூர்மையானது. 1934இல் 30 வெற்றிகள் கண்ட பிட்ச்சர் டிஸ்ஸி டீன், 1937 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் அடிபட்டுக் கால் பெருவிரலை உடைத்துக்கொண்டார். முழுதும் ஆறுமுன் மேட்டுக்குத் திரும்பினார். வலியைத் தவிர்க்க இறங்கும் விதத்தை மாற்றினார். கெட்டது கை. விரலில் தொடங்கிய குறை தோளில் முடிந்த இந்தக் கதையைக் கைப் பயிற்சி மட்டுமே தெரிந்த ஒவ்வொரு பயிற்சியாளரும் படித்திருக்க வேண்டும்.

இனி மும்பையின் முறைகள்.

முதலில் 'ரவுண்டு', அதாவது மைதானத்தைச் சுற்றி ஓடுவது. "தோ ரவுண்ட் மார்கே ஆ" (இரண்டு சுற்று ஓடிவிட்டு வா) என்ற கட்டளை இல்லாத மைதானம் இந்த நகரத்தில் இல்லை. தாமதமாக வந்தாலும் ரவுண்டு, கேட்ச் விட்டாலும் ரவுண்டு, மழை பெய்து பிட்ச் நனைந்தாலும் ரவுண்டு. இதன் நிறைகளை மறுப்பதற்கில்லை. செலவில்லை, கருவி வேண்டாம், நாற்பது பேரை ஒரே விசிலில் ஓட்டலாம், மூச்சு வளரும், சோலியஸின் களைக்காத தன்மை ஓரளவு கூடும். குறைகள் இதைவிடக் கனமானவை. ஒரே வேகத்தில் ஓடும் ரவுண்டு, நின்ற நிலையிலிருந்து எழும் முதல் அடியைக் கற்றுத்தருவதில்லை. உச்ச வேகத்தைத் தொடுவதும் இல்லை. கெண்டைக்கால் கிழிவதோ பெரும்பாலும் அந்த எழுச்சியில்தான். பாரம் கூடுவதில்லை, தூரம்தான் கூடுகிறது. கோடை விடுமுறையில் முகாமுக்கு வந்து, ஒரே வாரத்தில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளும் பையனுக்குக் கணைக்காலின் உள்விளிம்பில் எரியும் வலி வருவது இதனால்தான். அந்த வலியைச் சோம்பலாகப் பார்த்து இன்னொரு ரவுண்டு கொடுப்பவரும் உண்டு. தண்டனைக்கும் பயிற்சிக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்தும் முறையில் ஒத்திசைவு இருக்க முடியாது. அளவைத் தீர்மானிப்பது பயிற்சியாளரின் கோபமாக இருக்கும்போது, வளர்ச்சியைத் திட்டமிடுவது எப்படி?

பைட்டக், அதாவது மல்யுத்தக் கூடமான அகாடாவின் உட்கார்ந்து எழும் பயிற்சி, வேறு தரத்தது. அடியில் இறங்கும்போது குதிகால் எழுந்து, முன்பாதத்தில் பாரம் தங்குகிறது. முழங்கால் ஆழமாக மடங்கியிருக்கிறது. இந்த நிலையில் கணுக்காலைத் தாங்குவது சோலியஸ். ஆடுசதையின் மறைந்த பாதியைப் பெயர் தெரியாமலே தொட்ட மரபு இது. கேட்ச்சரின் குந்தலுக்கு இதைவிட நெருங்கிய நாட்டுப் பயிற்சி இல்லை. தட்கர் மைதானத்தின் தாதர் யூனியன் கிளப்பிலிருந்து மாதவ் மந்திரி, நரேன் தம்ஹானே என்று இந்தியாவுக்கு ஆடிய விக்கெட் கீப்பர்கள் வந்திருக்கிறார்கள்; அவர்களுடைய தொழிலும் நாள் முழுதும் குந்தி எழுவதுதான். குறை, எடை இரண்டு கால்களுக்கும் பங்காகிவிடுவது. மரபு வளர்ச்சியை எண்ணிக்கையில் அளக்கிறது: நூறு, இருநூறு, ஐந்நூறு. ஐந்நூறு பைட்டக் போடுபவரின் பொறுமைக்குத் தலைவணங்கலாம். ஆனால் இருநூற்றுக்கு மேல் கூடுவது தாங்கும் நேரம்; வலிமை அங்கே பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

கயிறு தாண்டுதலைச் சுருக்கமாகவே மதிப்பிடலாம், ஏனெனில் அதன் தகுதி தெளிவு. பாதம் தரையைத் தொடும் நேரம் மிகக் குறைவு. நாண் உண்டிவில்லின் ரப்பரைப் போல இழுபட்டுத் திரும்பக் கற்கிறது. முழங்கால் ஏறத்தாழ நீண்டே இருப்பதால், மடங்கிய முழங்காலோடு சோலியஸ் செய்ய வேண்டிய வேலை பழகுவதில்லை; பக்கவாட்டு அசைவே இல்லை. துணைப் பயிற்சியாக உயர்ந்தது, தனிப் பயிற்சியாகப் போதாதது. செம்பூரில் லிஃப்ட் இல்லாத பழைய நான்கு மாடிக் கட்டடங்களின் படிகளும் இதே வரிசையில் வரும்: பாதத்தின் முன்பகுதியை மட்டும் படியில் வைத்து, குதிகாலைத் தாழவிட்டு ஏறினால் கணுக்கால் முழு வீச்சில் இயங்கும். ஓடி ஏறுபவர்கள் அந்த வீச்சைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

மணல் ஓட்டத்துக்கு மும்பையில் அதற்குத் தகாத மதிப்பு இருக்கிறது. தாதர் சௌபாட்டியில் காலையில் ஓடுபவர்களைப் பார்த்தால் மணல் காலை இரும்பாக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்று புரியும். கடினத் தரையைவிட மணலில் ஓட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது என்பது அளந்து கண்ட உண்மை. பாதம் மோதும் விசை குறைவதால் காயத்திலிருந்து திரும்புபவருக்கு அது கருணையான தரை என்பதும் உண்மை. ஆனால் செலவாகும் ஆற்றல் எங்கே போகிறது? மணலைக் கலைப்பதில் போகிறது. நாண் சேமித்துத் திருப்பித்தர வேண்டிய விசையை மணல் விழுங்கிவிடுகிறது; பாதம் தரையில் தங்கும் நேரம் நீள்கிறது. 90 அடி ஓட்டம் கேட்பது இதற்கு நேரெதிர். களைப்பைத் திறமையின் சான்றாகக் கொள்ளும் பிழை இங்கே வேறெங்கும் இல்லாத அளவுக்கு அழகாக மறைந்திருக்கிறது.

மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானாவின் கூடைப்பந்துத் தளத்தை ஒரு பயிற்சிக்கூடமாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எழுத வேண்டும். எழும்பி இறங்குதல், இறங்கிய காலிலேயே திசை திரும்புதல், நின்ற இடத்திலிருந்து இரண்டே அடியில் வேகம் எடுத்தல் என்று மேலே பட்டியலிட்ட தேவைகளில் பாதியை அந்த ஆட்டம் விளையாட்டாகவே நிறைவேற்றுகிறது. பிறர் கால்மேல் இறங்கிக் கணுக்கால் பிசகுவது அதன் தொழில்நோய். கெட்டித் தளம் கணைக்காலுக்குச் செய்யும் கொடுமையும் உண்டு. இரண்டையும் கழித்தாலும், பேஸ்பாலுக்குத் தயாராகிறவர் வாரம் ஒருமுறை கூடைப்பந்து ஆடுவதை நான் ரவுண்டுக்கு மேலே வைப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே வைக்கத்தக்கது கோ-கோ. இந்த மதிப்பீடு பற்றினால் வந்ததல்ல, அளவுகள் அப்படி. கோ-கோ ஆடுகளத்தின் நீளம் 27 மீட்டர், பேஸுக்கும் பேஸுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு அரை மீட்டர்கூடக் குறையவில்லை. நடுப்பாதையில் குந்தியிருக்கும் எட்டுப் பேரும் குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் பாரத்தை வைத்து, முழங்கால் மடங்கிய நிலையில் காத்திருக்கிறார்கள். முதுகில் 'கோ' விழுந்த கணத்தில் அந்த நிலையிலிருந்தே பாய வேண்டும். பைட்டக்கின் சோலியஸ் நிலையும் பேஸ் ஓட்டத்தின் முதல் அடியும் ஒரே அசைவில் இணைவது வேறெந்த ஆட்டத்திலும் இல்லை. துரத்துபவர் எடுத்த திசையை மாற்ற முடியாது, நடுக்கோட்டைத் தாண்ட முடியாது. தூணைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் வளைவெடுப்பதும், சரியான அடியில் தூணைத் தொடுவதும் பேஸைச் சுற்றுகிற கலையோடு ஏறக்குறைய ஒன்று. தப்புபவருக்கோ எத்திசையும் திறந்திருக்கிறது. வரிசைக்கு ஊடே வலமும் இடமும் மாறிமாறி வெட்டுவதால், பேஸ்பாலின் ஒருபக்க வளைவு உண்டாக்கும் ஏற்றத்தாழ்வுக்கு இது மாற்றாகவும் அமைகிறது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையை இந்திய ஆண்களும் பெண்களும் வென்றபின் இந்த ஆட்டத்துக்கு வெளிச்சம் கூடியிருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிகளில் அது எப்போதும் இருந்தது. தாராவிப் பள்ளியின் குறுகிய முற்றத்தில் கோ-கோ ஆடும் பெண்ணின் கால், விலையுயர்ந்த அகாடமியில் ரவுண்டு ஓடும் பையனின் காலைவிடப் பேஸ்பாலுக்கு ஆயத்தமானது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் கோ-கோவிலும் ஒரு வெற்றிடம் உண்டு. அதுவே மேலே சொன்ன எல்லா மைதான முறைகளுக்கும் பொதுவான வெற்றிடம்: பாரம். சொந்த உடல் எடைக்கு மேல் ஒரு கிலோவும் அங்கே ஏறுவதில்லை. ஓட்டத்தில் தன் எடையின் பல மடங்கைத் தாங்க வேண்டிய தசைக்கும் நாணுக்கும், மெதுவாகவும் கனமாகவும் ஏற்றிய சுமை ஒன்று வேண்டும். இந்த இடத்தில் ஜிம்மின் மரபு, அதன் ஆடம்பரங்களைக் கழித்துப் பார்த்தால், வலுவான வாதத்தோடு நிற்கிறது. ஸ்வீடனின் ஹாகன் அல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை எல்லோரும் அறிந்தது: படியின் விளிம்பில் நின்று, நோயுள்ள காலால் குதிகாலை மெதுவாகத் தாழ்த்துதல், முழங்கால் நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, நாளுக்கு 180 தடவை, 12 வாரம். குதிநாண் வலியால் அறுவைசிகிச்சை கேட்டு மறுக்கப்பட்ட அவர், நாணை அறுத்துக்கொள்ளும் நோக்கத்தோடு பாரம் ஏற்றப் போய்க் குணமானார் என்பது அந்தத் துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கதை. 2015இல் டென்மார்க்கில் இதனோடு ஒப்பிட்ட வேறொரு முறை, வாரம் மூன்றே நாள், எண்ணிக்கை குறைவு, பாரம் அதிகம், வேகம் மெதுவு. பலன் இரண்டுக்கும் சமம். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, எண்ணிக்கையைக் குறைத்துப் பாரத்தைக் கூட்டினாலும் நாண் ஏற்றுக்கொள்கிறது என்பது. இவை நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள். நலமாய் இருப்பவருக்கு நேரே பொருத்துவதில் ஒரு தாவல் இருக்கிறது. தாவலின் திசை நியாயமானது என்பதே என் கணிப்பு.

ஜிம்மின் குறை வேறிடத்தில். மும்பையின் ஜிம்களில் ஆடுசதைக்கு நடப்பது பெரும்பாலும் சடங்கு: கால் நாளின் கடைசி ஐந்து நிமிடம், இயந்திரத்தில் அளவுக்கு மீறிய எடை, அரை அங்குல அசைவு, துள்ளல். துள்ளும்போது வேலை செய்வது நாணின் மீள்விசை, தசைக்கு ஓய்வு. உட்கார்ந்து செய்யும் பயிற்சியை, அதாவது சோலியஸுக்கானதை, பலர் தொடுவதே இல்லை. டிபியாலிஸுக்கு ஒரு நொடியும் கிடையாது. கருவி உயர்ந்தது, பயன்பாடு தாழ்ந்தது.

இன்னொரு கூற்றையும் சோதித்தாக வேண்டும். கெண்டைக்காலை வலுவாக்கினால் பந்தின் வேகம் கூடும் என்று விற்கிறார்கள். 1998இல் பிட்ச்சர்களைத் தரைவிசைத் தட்டுகள்மேல் எறியவைத்து அளந்த சிறிய ஆய்வொன்றில், பின்கால் முன்னோக்கித் தள்ளிய விசை உடல் எடையின் 0.35 பங்கு, முன்கால் தடுத்த விசை 0.72 பங்கு. தள்ளியதைப் போல இருமடங்கு தடுத்திருக்கிறது. தள்ளுவதில் ஆடுசதைக்குப் பங்கு உண்டு, பெரும்பங்கு இடுப்புக்கும் தொடைக்கும். தடுப்பதில் கணைக்காலும் கணுக்காலும் அசையாத தூணாக நிற்க வேண்டும்; மேலே வேலை செய்வது தொடை. ஓட்டத்திலும் இதே படிநிலைதான்: நடுத்தர வேகம்வரை அடியின் நீளத்தைத் தருவது கெண்டைக்கால், உச்ச வேகத்தில் இடுப்புத் தசைகள் பொறுப்பை ஏற்கின்றன. எனவே வேகத்துக்காக மட்டும் ஆடுசதையை வளர்ப்பவர் ஏமாறுவார். ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸிலும் முதல் இன்னிங்ஸின் காலோடு நிற்பதற்காகவும், பருவத்தின் கடைசி மாதம்வரை களத்தில் இருப்பதற்காகவும் வளர்ப்பவர் ஏமாற மாட்டார். டொனால்ட்சனின் மட்டை எப்போதும் இருந்தது; கால்தான் இருக்கவில்லை.

ஆக, தரவரிசை இப்படி அமைகிறது. மைதான முறைகளில் கோ-கோ முதலிடம்; கூடைப்பந்தும் கயிறும் அடுத்து; பைட்டக் கேட்ச்சருக்குக் கட்டாயம், மற்றவர்க்கு விருப்பம்; மணல் காயத்திலிருந்து திரும்பும் வழியில் மட்டும்; ரவுண்டு உடம்பைச் சூடேற்ற ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். இவற்றின் அடியில் பாரப் பயிற்சி நிற்க வேண்டும். அதற்கு ஜிம் சந்தாவும் தேவையில்லை. ஒரு படி, பிடிக்க ஒரு சுவர், புத்தகம் நிரப்பிய பை. ஒற்றைக் காலில் நின்று மூன்று எண்ணி ஏறி, மூன்று எண்ணி இறங்கி, எட்டெட்டாக மூன்று தடவை. ஸ்டூலில் உட்கார்ந்து, பாதத்தின் முன்பகுதியை ஒரு மரக்கட்டையில் வைத்து, 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு முழங்கால்மேல் ஏற்றி, பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தடவை. அது எளிதானால் இன்னொரு மூட்டை. சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலை ஓர் அடி முன்னே ஊன்றி, முன்பாதத்தை இருபது முறை தூக்குதல். வாரத்துக்கு இரண்டு நாள் இது போதும். பாரமில்லாமல் ஒற்றைக் காலில் 25 முறை முழு வீச்சில் எழ முடியாதவர் பையையும் மூட்டையையும் தொடுவதற்கு முன் அந்த எண்ணை அடையட்டும். பிசியோதெரபிஸ்ட்டுகள் நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவு அது. ஒரு காலுக்கு 25, மறு காலுக்கு 15 என்று வந்தால், அந்தப் பத்தின் வித்தியாசமே அவருடைய முதல் பாடத்திட்டம்.

காலத்தையும் இங்குள்ள வானம் வகுத்துத் தருகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மைதானங்கள் சேறு. அந்தச் சேற்றிலும் கிரிக்கெட் ஆட வேண்டும் என்று 1948இலிருந்து காங்கா லீக் நடத்திவரும் பிடிவாதமான நகரம் இது. வழுக்குத் தரையில் கணுக்கால் பெறும் கல்விக்கு அது ஒரு பள்ளிதான். ஆனால் உச்ச வேக ஓட்டத்துக்கு அந்தத் தரை உதவாது. மழை மாதங்களைப் பாரத்துக்குக் கொடுத்து, அக்டோபரில் தரை இறுகியதும் கோ-கோவுக்கும் 90 அடிப் பாய்ச்சலுக்கும் திரும்புவதே முறை. அப்போதும் மூட்டையை அடியோடு விட்டுவிடாமல் வாரம் ஒருநாள் தொடர வேண்டும். மும்பையில் நான் பார்த்த நல்ல பயிற்சியாளர்கள்கூடத் தவறுவது இந்த ஒருநாளில்தான்.